யார் வயிறு, யார் பெயர்

போன வாரம் நம் டாக்டரம்மாவை ஆய்வகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் வாயடைத்து உட்கார வைத்துவிட்டு வந்தோம். பாவம், வீட்டுக்குப் போயும் சரியாகத் தூங்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாக முதல் ஆளாக வந்து மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் நேற்று இருந்தது இன்றும் அப்படியே இருக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. டாக்டரம்மா என்பது வீட்டிலும் தெருவிலும் வைத்த பெயர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய பட்டம் என்று எத்தனை தடவை சொன்னாலும் அக்கம்பக்கத்தார் காதில் ஏறுவதில்லை. கை அரிக்கிறது, கால் வீங்குகிறது என்று வாசலில் வந்து நீட்டிக்கொண்டு நிற்பார்கள். அவள் பார்ப்பது கிருமிகளை. அதுவும் மைக்ராஸ்கோப்பில் இல்லை, கம்ப்யூட்டரில்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டிலிருந்து சின்னச் சின்ன டப்பாக்களில் சாம்பிள் வரும். எந்தச் சாம்பிள் என்று விளக்கமாகச் சொன்னால் காப்பி குடித்துக்கொண்டே படிக்கிறவர்கள் என்னைத் திட்டுவீர்கள், புரிந்திருக்கும். அதிலிருக்கும் மரபணுவைத் துண்டு துண்டாக்கி ஒரு இயந்திரம் படிக்கும். எந்தத் துண்டு எந்தக் கிருமிக்குச் சொந்தம் என்று பிரித்து, யார் வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள், அவர்களில் யார் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது டாக்டரம்மாவின் வேலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குடல் சுவரிலிருந்து உதிர்கிற மனித மரபணுவும் அந்தச் சாம்பிளில் கொஞ்சம் கலந்திருக்கும். ஆய்வகத்துக்கு அது குப்பை. யாருடைய அந்தரங்கமும் வெளியே போய்விடக் கூடாது என்பதால் முதல் காரியமாக மனிதனை வடிகட்டி அழித்துவிட்டுக் கிருமியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். அங்கே மரியாதை கிருமிக்குத்தான்.

அழிப்பதற்கு முன்னால், இது ஆணா பெண்ணா என்று மட்டும் பார்த்துச் சொல்கிற ஒரு சின்னச் சோதனையை இந்த முறைதான் அவள் புதிதாகச் சேர்த்திருந்தாள். எங்கேயாவது டியூப் மாறிப்போனால் தெரியட்டுமே என்ற முன்ஜாக்கிரதை. ரிப்போர்ட்டெல்லாம் கிளினிக்குக்குப் போன பிறகு நேற்றுதான் அதன் முடிவைத் திறந்து பார்த்தாள், மாட்டியது நாற்பத்தொன்றாம் எண். பதிவில் ஆண் என்று இருக்கிறது. சாம்பிளில் ஆணுக்கே உரிய ஒய் குரோமோசோம் பேருக்குக்கூட இல்லை.

சரி, யாரோ ஒருவர் என்று விட்டுவிடலாம். எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஆய்வகத்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் சட்டமும். ஆனால் நாற்பத்தொன்று யார் என்று டாக்டரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், கொட்டை எழுத்தில், ஏதோ கோப்பை ஜெயித்தவர் மாதிரி அந்த எண்ணை எழுதி ஒட்டி வைத்திருக்கிறார் அவளுடைய மாமனார்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். நண்பர்கள் வட்டாரத்தில் அவர் பெயர் ஹாரன். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை, அவர் கூடத்தில் இருமினால் மாடியில் கதவு ஆடும். ஆராய்ச்சியில் கொடுக்கிற நார்ச்சத்து மாவை மூன்று மாதம் ஒழுங்காகக் குடித்து, வயிற்றில் நல்ல கிருமி பெருகியதாக ரிப்போர்ட் வந்தவர்களுக்கு, கிளினிக்கில் சர்க்கரை மாத்திரையைப் படிப்படியாக நிறுத்திப் பார்ப்பார்கள். ஹாரனுக்கு வந்திருந்தது வகுப்பிலேயே முதல் மார்க். மாத்திரையை நிறுத்தும் நாள், இன்று.

ஆய்வக இயக்குநர் அம்மாள் உள்ளே வந்தபோது டாக்டரம்மா எழுந்து நிற்க மறந்துவிட்டாள்.

"மேடம், நாற்பத்தொண்ணு ரிப்போர்ட்டை நிறுத்தணும். கிளினிக்குக்கு இப்பவே சொல்லணும்."

இயக்குநர் திரையைப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார். அந்த அம்மாளைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கிருமியை வைத்து வைத்தியமா என்று சிரித்தவர்கள் நடுவில் பல வருஷம் மல்லுக்கட்டி இந்த ஆராய்ச்சியைக் கொண்டுவந்தவர். நாளைக்கு வெளியூரிலிருந்து பெரிய குழு ஒன்று பார்க்க வருகிறது. அவர்கள் முன்னால் வைக்கப்போகிற முதல் படமே நாற்பத்தொன்றாம் எண்ணுடையதுதான்.

"டைப்பிங் தப்பு. ஆணுன்னு இருக்கறதைப் பெண்ணுன்னு மாத்திடு. முடிஞ்சுது," என்றார் இயக்குநர்.

"டைப்பிங் தப்பு இல்ல மேடம். அந்த எண்ணுக்குரியவர் ஆம்பளைதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

டாக்டரம்மா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற கதை. சொல்லாவிட்டால் மாமனார் மாத்திரை இல்லாமல் வீட்டுக்கு வருவார்.

"எங்க மாமனார் மேடம். ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டி வெச்சிருக்கார்."

இயக்குநர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொந்தக்காரரோட மனித மரபணுவை நீ திறந்து பாத்திருக்கே. அது எவ்வளவு பெரிய விதிமீறல்னு தெரியுமா?"

"ஆணா பெண்ணான்னு மட்டும்தான் பாத்தேன். எல்லாருக்கும் பாத்தேன். தப்புன்னா என் மேல நடவடிக்கை எடுங்க. ஆனா முதல்ல கிளினிக்குக்கு போன் பண்ணுங்க."

"ஒரு சாம்பிள் தப்புன்னு வெளிய போச்சுன்னா மத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. புரியுதா உனக்கு?"

"சந்தேகப்படட்டும் மேடம். எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

இயக்குநரின் முகம் சிவந்தது. குரலை உயர்த்துகிற வழக்கம் அவருக்குக் கிடையாது, அதனால்தான் கேட்கிறவர்களுக்குக் கூடுதலாகப் பயம் வரும்.

"நாளைக்கு வர்றவங்க போகட்டும். அப்புறம் நிதானமாப் பேசலாம். மாத்திரை ஒரு வாரம் இல்லாம போனா உயிரா போயிடும்?"

"போகாதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா மேடம்?"

இயக்குநர் கை நீட்டித் திரையை அணைத்தார்.

"பெண்ணுன்னு மாத்த முடியாது. நான் மாத்த மாட்டேன். வேற யாராவது மாத்தினாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்," என்றாள் டாக்டரம்மா.

"அப்போ இன்னைலேர்ந்து நீ இந்த ஆராய்ச்சியில இல்ல," என்றார் இயக்குநர். "கிளினிக் பக்கம் போகாத. போனா, இந்தக் கட்டடத்துக்குள்ள திரும்பி வர வேண்டாம்."

டாக்டரம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் புறப்பட்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கணவனுக்குப் போன் போட்டாள். தொழிற்சாலையில் ஷிப்டு, போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மாமியாருக்குப் போட்டாள். அவர் எடுத்தார், ஆனால் பின்னால் ஹாரனின் குரல்தான் முழுசாகக் கேட்டது.

"அத்தை, எங்க இருக்கீங்க?"

"கிளினிக்லதாம்மா."

"மாமாவை உள்ள போக விடாதீங்க. நான் வந்துட்டிருக்கேன். அத்தை, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அந்த டப்பா..."

போன் துண்டிக்கப்பட்டது. அது சிக்னல் கோளாறா, மாமியாரின் கட்டை விரலா என்று டாக்டரம்மாவால் தீர்மானிக்க முடியவில்லை. வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷி அவர். வீட்டில் பேச்சு முழுவதையும் ஹாரனே குத்தகைக்கு எடுத்திருந்ததால் அதற்கு இடமும் இருந்ததில்லை.

மனசுக்குள் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஏமாற்றிய மாமனார் மேலா, மூடி மறைக்கச் சொன்ன இயக்குநர் மேலா, இத்தனை சாம்பிளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய தன் மேலா. மூன்று பேர் மேலும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் ஹாரன் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பாலீஷ் போட்ட ஷூ. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சர்க்கரைக்காரர்கள், வேறு போக்கிடம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாவு ஒரு நாள் தவற விட்டதில்ல. அதான் வயிறு வேலை செய்யுது. லேப்லயே அசந்துட்டாங்களாம், இப்படி ஒரு வயிறைப் பாத்ததே இல்லன்னு. எங்க கண்டக்டர் இருக்கானே, அவனுக்குப் போன மாசமே மாத்திரையை நிறுத்தியாச்சு. அன்னைலேர்ந்து ராஜா தூக்கம் தூங்கறான். இன்னைக்குக் கூட வர்றேன்னான், ஆளைக் காணோம். இன்னும் எழுந்திருக்கவே இல்ல போல."

கண்டக்டர் என்றால், ஹாரன் ஓட்டிய பஸ்ஸில் கடைசி வரை டிக்கெட் கிழித்தவர். ஹாரனுக்குப் பிரேக் எவ்வளவு பழக்கமோ அவ்வளவு பழக்கம் அவருடைய விசில். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார், ஹாரனுக்கு முன்பே இதே ஆராய்ச்சியில் சேர்ந்தவர்.

"மாமா, ஒரு நிமிஷம் இப்படி வாங்க," என்று டாக்டரம்மா கூப்பிட்டாள்.

"டாக்டரம்மாவே வந்தாச்சு," என்று சபைக்கு அறிவித்துவிட்டு எழுந்தார் ஹாரன். தண்ணீர் குடிக்கிற மூலைக்கு வந்தார்கள். மாமியார் மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மாமனாரிடம் மருமகள் பேசுவதற்கு எத்தனையோ விஷயம் உண்டு. இந்த ஒரு விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் யாரும் சொல்லித் தரவில்லை. டாக்டரம்மா தரையைப் பார்த்துக்கொண்டே தொடங்கினாள்.

"மாமா, அந்த டப்பா... நீங்க குடுத்தது இல்ல."

"பின்ன யாரு குடுத்தா? பக்கத்து வீட்டுப் பூனையா?"

"அது ஒரு பொம்பளையோடது."

ஹாரனின் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடி மறைந்தது. அடுத்த கணமே பழைய மிடுக்கு வந்துவிட்டது.

"கம்ப்யூட்டர் சொல்லுதா? மின்சாரம் போனா செத்துப் போற பொட்டி, அது சொல்லி நான் ஆம்பளையா பொம்பளையான்னு தெரிஞ்சுக்கணுமா?"

"மாமா, மெதுவா."

"என்ன மெதுவா? வீட்டுக்கு வந்த மருமக, மாமனார் கக்கூஸ் போனதை ஆராய்ச்சி பண்ணிட்டு வந்து நிக்குது. வெளிய சொன்னா சிரிப்பாங்க. என் மானத்தை வாங்காத."

"மானம் போனா திரும்ப வாங்கிக்கலாம் மாமா. கண்ணு, கிட்னி போனா வாங்க முடியாது. இன்னைக்கு மாத்திரையை நிறுத்த நான் விட மாட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, வீட்டை விட்டுப் போன்னு சொன்னாலும் சரி."

இதுவரை ஹாரனை எதிர்த்து இப்படி ஒரு குரல் அந்த வீட்டில் எழுந்ததில்லை. அவர் கொஞ்சம் ஆடித்தான் போனார். அதற்குள் நர்ஸ் வந்து, "நாற்பத்தொண்ணு உள்ள வாங்க," என்று கூப்பிட்டுவிட்டார். ஹாரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் டாக்டரம்மா. அவளுக்கும் பின்னால், யாரும் கூப்பிடாமலே, மாமியார்.

கிளினிக் டாக்டர் இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். டாக்டரம்மாவைப் பார்த்ததும் சங்கடத்தோடு பேனாவை உருட்டினார்.

"இப்பதான் உங்க இயக்குநர் போன் பண்ணினாங்க. நீங்க வந்து ஏதாவது சொன்னா எடுத்துக்க வேண்டாம், நீங்க இப்போ அந்த ஆராய்ச்சியில இல்லன்னாங்க."

"வேலையில இல்லாட்டியும் வாய் இருக்கு டாக்டர். இது இவரோட சாம்பிள் இல்ல."

"ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கறதா இருந்தா லேப்தான் வாங்கணும். உங்க பேச்சை மட்டும் வெச்சு நான் எப்படி..." டாக்டர் ஹாரன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க ஐயா. உங்க சாம்பிள்தானே?"

"சந்தேகமே வேண்டாம்," என்றார் ஹாரன். குரலில் சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது.

"காலைல வெறும் வயித்துல எடுத்த ரத்தமும் நல்லாத்தான் இருக்கு," என்று டாக்டர் திரையைப் பார்த்தார். "ரிப்போர்ட்டும் பிரமாதம். அப்போ இன்னைலேர்ந்து முதல் மாத்திரையை நிறுத்திடலாம்."

டாக்டரம்மா மேஜை மேல் கையை வைத்தாள். மருந்துச் சீட்டின் மேலேயே வைத்தாள் என்று சொல்ல வேண்டும். டாக்டரின் பேனா அந்தரத்தில் நின்றது.

"கையை எடுங்க, ப்ளீஸ்."

"எடுக்க மாட்டேன்."

"பொய்," என்றது ஒரு குரல்.

மூன்று பேரும் திரும்பினார்கள். கதவோரம் நின்றிருந்த மாமியார் பையை நாற்காலியில் வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"இவரு சொல்றது பொய் டாக்டர். அது என்னுது."

"இவளே, சும்மா இரு."

"இவ்வளவு காலம் சும்மாத்தானே இருந்தேன்," என்றார் மாமியார். கணவரைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்தே பேசினார். "மாவு வந்துச்சு. இவரு வாயில வைக்கல, மண்ணு மாதிரி இருக்குன்னு தள்ளி வெச்சுட்டாரு. வீணாப் போகுதேன்னு நான் தினமும் கரைச்சுக் குடிச்சேன். இவரு மூலைக் கடையில கேக்கும் பன்னுமா தின்னுட்டு வருவாரு, சட்டைல தூள் ஒட்டியிருக்கும், நான்தானே துவைக்கிறேன், எனக்குத் தெரியாதா. கடைசில டப்பா வந்துச்சு. மருமக கண்டுபிடிச்சிடும், நீயே குடுத்துடுன்னாரு. குடுத்தேன்."

"ஏய்..."

"ரிப்போர்ட் வந்த நாள்லேர்ந்து தெருத்தெருவா என் வயிறு என் வயிறுன்னு சொல்லிட்டுத் திரியறாரு. அது என் வயிறு டாக்டர். நல்லா இருக்கறது என் வயிறு. இவரோட வயிறு எப்படி இருக்குன்னு இன்னும் ஒருத்தரும் பாக்கல. இவரு மாத்திரைல நீங்க கை வெச்சீங்கன்னா நான் இந்த ரூமை விட்டு நகர மாட்டேன். போலீஸைக் கூப்பிட்டாலும் சரி."

மூச்சு வாங்கியது அவருக்கு. இவ்வளவு பேச்சு தனக்குள் இருந்தது அவருக்கே தெரிந்திருக்காது. டாக்டரம்மாவுக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. மருந்துச் சீட்டிலிருந்து கையை எடுக்கப் பயந்து அப்படியே நின்றாள்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "ஐயா?"

ஹாரன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது அடுத்த அறைக்குக்கூட அந்தக் குரல் கேட்டிருக்காது.

"நேத்து ராத்திரி சாப்பிடல. மாத்திரை ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டுக்கிட்டேன். காலைல ரத்தம் எடுப்பாங்கன்னு."

"எதுக்கு ஐயா இப்படி?"

"சர்க்கரைன்னு சொல்லித்தான் சார் என்னை ஸ்டியரிங்லேர்ந்து இறக்கினாங்க. இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டியிருப்பேன். வண்டில ஒரு கீறல் விழுந்தது கிடையாது. ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான், இறங்குன்னுட்டாங்க. மாத்திரை வேண்டாம்னு ஒரு டாக்டர் வாயால சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு. ஒரே ஒரு தடவை."

டாக்டரம்மாவின் கோபம் இருந்த இடம் தெரியாமல் கரைந்து போனது. அவர் தினமும் காலையில் வாசலில் நின்று போகிற பஸ்களைப் பார்ப்பதை, சும்மா வேடிக்கை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"நீங்க என்னைத் திட்டியிருந்தா பரவாயில்ல மாமா. சொல்லியிருக்கலாம் இல்ல," என்றாள் மெதுவாக.

"மருமககிட்ட எப்படிம்மா சொல்றது," என்றார் அவர்.

டாக்டர் எழுதியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டார். மாத்திரை அப்படியே தொடரட்டும், ஒன்றுக்கு இரண்டாகப் போடுவது மட்டும் கூடவே கூடாது, மூன்று மாதச் சராசரி சொல்கிற பரிசோதனைக்கு இன்றே ரத்தம் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றார். ஹாரன் மறுபேச்சுப் பேசாமல் சட்டைக் கையை மடக்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மாவின் போன் அடித்தது. இயக்குநர்.

"கிளினிக் போயிட்டே, இல்லையா?"

"போயிட்டேன் மேடம். சாம்பிள் குடுத்தவங்க அவங்க வாயாலயே டாக்டர்கிட்ட சொல்லிட்டாங்க. நாளைக்கு அந்தப் படத்தை நீங்க காட்டக் கூடாது."

"என்ன காட்டணும்னு எனக்குச் சொல்லித் தர்றியா?"

"ஆமா மேடம். காட்டினா நான் அந்த ரூம்ல எழுந்து நின்னு பேசுவேன். அடையாள அட்டையைப் பிடுங்கிட்டா வாசல்ல நின்னு பேசுவேன்."

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. டாக்டரம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. வேலை போனது போனதுதான். ஆனால் மனசு பஞ்சு மாதிரி இருந்தது. இப்படி ஒரு நாளில் இப்படி இருக்கிறதே என்று அவளுக்கே ஆச்சரியம்.

"விடுங்க," என்று டாக்டர் சமாதானமாகச் சொன்னார். "ஒரு ஆளோட நின்னுச்சே. இதுக்கு முன்னால வந்த சாம்பிள் எல்லாம் சரியாத்தான் இருக்கும். அவங்களுக்கு மாத்திரையை நிறுத்தியும் யாரும் வந்து ஒண்ணும் சொல்லல."

எல்லோரும் எழுந்தார்கள். மாமியார் மட்டும் எழுந்திருக்கவில்லை. எப்போது உட்கார்ந்தார் என்றும் தெரியவில்லை. சற்று முன் போலீஸையே கூப்பிடச் சொன்னவரின் விரல்கள் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தன.

"அத்தை? என்ன ஆச்சு?"

"அண்ணனுது," என்றார் மாமியார்.

"எந்த அண்ணன்?"

"கண்டக்டர் அண்ணன்."

டாக்டரம்மா அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மாமியார் மருமகளிடம் மட்டும் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அவர் வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஐஸ் பொட்டி வேலை செய்யாது. உறைய வெச்சுத்தான் குடுக்கணும்னு அவரோட டப்பாவை நம்ம வீட்டுல கொண்டுவந்து வெச்சிருந்தாரு. நான் ஃப்ரிட்ஜைக் கழுவறதுக்கு ஆஃப் பண்ணினேன். மறந்துட்டேன்மா. பாக்கறப்ப முழுசா உருகி, மூடி திறந்து... ஒரே நாத்தம். மறுநாள் காலைல ஆள் வந்து எடுத்துட்டுப் போறதா இருந்துச்சு. அண்ணன்கிட்ட எந்த மூஞ்சியோட சொல்றது. டப்பாவைக் கழுவிட்டு, நானே..."

"கண்டக்டருக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. இவருக்கும் தெரியாது. கிருமிதானே, எல்லார் வயித்துலயும் இருக்கறதுதானேன்னு நினைச்சேன். அதை வெச்சுத்தான் மாத்திரையை நிறுத்துவாங்கன்னு எனக்கு யாரும் சொல்லலியேம்மா."

கண்டக்டரின் சாம்பிள் வந்தது இதற்கு முந்தைய தொகுப்பில், அப்போது ஆண் பெண் சோதனை கிடையாது. கண்டக்டரின் எண்ணில் இருந்த மனித மரபணுவை டாக்டரம்மாவின் கையாலேயே, விதிப்படி, எப்போதோ துடைத்து அழித்தாகிவிட்டது. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டாலும் அந்தச் சாம்பிள் யாருடையது என்று இனிச் சொல்லாது. மாமியார் வாயைத் திறந்திராவிட்டால் யாருக்குமே தெரிந்திருக்காது.

"ஒரு மாசமா அவர் மாத்திரை போடல," என்றாள் டாக்டரம்மா, யாருக்கும் சொல்லாமல் பொதுவாக.

"பகல்லயும் தூங்கறான்," என்றார் ஹாரன். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "நான் சிரிச்சேன். ராஜா தூக்கம்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சேன்."

"சர்க்கரை ஏறினாலும் அப்படித் தூக்கம் அசத்தும். போன் போடுங்க ஐயா. சீக்கிரம்," என்றார் டாக்டர்.

ஹாரன் பையிலிருந்து போனை எடுத்தார். டாக்டரம்மா வாங்கி அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார், பதில் வந்தாலும் வராவிட்டாலும் கிளம்பத் தயாராக.

"எடுத்துடுவான். நான் கூப்பிட்டா எடுக்காம இருக்க மாட்டான்," என்றார் ஹாரன்.

எடுத்தார்கள். கண்டக்டரின் குரல் இல்லை. பழக்கமில்லாத ஒரு பெண் குரல், பின்னால் நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம்.

"ஹலோ, இந்தப் போன்காரரு எழுப்பினா எழுந்திருக்கவே இல்ல. இவருக்கு நீங்க யாரு? சொந்தமா?"

ஹாரன் போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"அவன் என் கண்டக்டர்மா," என்றார்.